இந்த ஈமெயில் உண்மையா, பொய்யா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு டவுனில் இருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் ஆட்கள் போனை நீட்டி "இது உண்மையா பொய்யா, ஒருக்கா பாருங்க" என்று கேட்கிற ஈமெயில்கள் பெரும்பாலும் ஒரு சில வகைதான். அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஃபிஷிங் என்று சொல்கிற மோசடி இதுதான்: வங்கி, தபால் திணைக்களம், கூகுள், ஃபேஸ்புக், வெளிநாட்டுக் கம்பனி என்று யாரோ ஒருவரின் வேஷத்தில் ஈமெயில் அனுப்பி, பாஸ்வேர்டையோ கார்ட் நம்பரையோ, போனுக்கு வருகிற ஓடிபி என்ற ஒருமுறை இலக்கத்தையோ உங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்க வைப்பது. இதில் போகிற காசு கட்டார் வெயிலில் நின்று உழைத்த காசு, நெல் விற்ற காசு, பிள்ளையின் படிப்புக்கு என்று எடுத்து வைத்த காசு. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வங்கியின் லோகோ, நிறம், மனேஜரின் கையெழுத்து எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது. இது எப்படிப் பொய்யாக இருக்கும்?

லோகோவை வங்கியின் உண்மையான இணையத்தளத்தில் இருந்தே எடுத்து ஒட்டலாம், அதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. முழுப் பக்கத்தையும் அப்படியே நகல் எடுத்துத் தருகிற ஆயத்தப் பொதிகளை மோசடிக்காரர்கள் தங்களுக்குள் விற்று வாங்குகிறார்கள். ஆகவே பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கப் போனால் நாம் தோற்றுவிடுவோம். பார்க்க வேண்டியது, அந்த ஈமெயில் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதை. "24 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று அவசரப்படுத்தி, கீழே ஒரு லிங்கையும் தந்து, அதற்குள் பாஸ்வேர்டையோ பின் நம்பரையோ எழுதச் சொன்னால், லோகோ எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது போதும், அதற்கு மேல் வாசிக்கவே மாட்டேன்.

சந்தேகம் தீராவிட்டால் அந்த ஈமெயில் காட்டுகிற வழியால் போகாதீர்கள், உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த வழியால் போங்கள். வங்கியின் ஆப்பைத் திறந்து பாருங்கள், கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு எடுங்கள், இல்லாவிட்டால் கிளைக்கே போய்க் கேளுங்கள். கணக்கில் உண்மையிலேயே ஏதும் பிரச்சினை இருந்தால் அங்கேயும் அது தெரியவரும். ஈமெயிலுக்குள் "மேலதிக விபரங்களுக்கு அழையுங்கள்" என்று போட்டிருக்கிற நம்பருக்கு மட்டும் எடுக்க வேண்டாம், அந்த நம்பரும் அவர்களுடையதுதான்.

அனுப்பினவர் என்ற இடத்தில் வங்கியின் பெயர்தானே இருக்கிறது?

அந்த இடத்தில் யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம். நான் நினைத்தால் என்னுடைய ஜீமெயில் கணக்கின் பெயரை இப்போதே ஒரு வங்கியின் பெயராக மாற்றிவிட முடியும். போனில் பெயர் மட்டும்தான் பெரிதாகத் தெரியும், முகவரி மறைந்திருக்கும். ஜீமெயில் ஆப்பில் பெயருக்குக் கீழே சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் உண்மையான முகவரி வரும். வங்கி என்று சொல்லிக்கொண்டு ஜீமெயில் டொட் கொம் என்று முடிந்தால் அத்தோடு கதை முடிந்தது.

ஆனால் ஒன்று. முகவரி சரியாக இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. உங்கள் மச்சானின் ஈமெயில் கணக்கையே ஒருவன் களவெடுத்திருந்தால், கடிதம் மச்சானின் உண்மையான முகவரியில் இருந்துதான் வரும். கூகுளும் யாஹூவும் 2024 பெப்ரவரியில் இருந்து, மொத்தமாக ஏராளம் ஈமெயில் அனுப்புகிற நிறுவனங்கள் தாங்கள்தான் அனுப்புகிறோம் என்பதைத் தொழில்நுட்ப ரீதியாக நிரூபிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால் நேரடியாக முகவரியைப் போலி செய்வது கஷ்டமாகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் களவெடுத்த கணக்கையும், எழுத்தொன்றை மாற்றிப் பதிந்த முகவரியையும் அது பிடிக்காது.

லிங்கைத் திறக்காமலே அது எங்கே போகும் என்று பார்க்க முடியுமா?

முடியும். போனில் லிங்கின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், தட்ட வேண்டாம், முழு முகவரியும் வரும். கம்ப்யூட்டரில் மவுஸை லிங்கின் மேல் கொண்டுபோனாலே கீழ் மூலையில் தெரியும்.

அதை வாசிக்கிற முறைதான் முக்கியம். தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பிறகு வருகிற இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். 'மைபேங்க்.எல்கே.செக்-நவ்.கொம்/லொகின்' என்று ஒரு முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னுக்கு 'மைபேங்க்.எல்கே' என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவோம், மோசடிக்காரன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆனால் கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பது 'செக்-நவ்.கொம்'. இந்தப் பக்கத்தின் சொந்தக்காரன் அவன்தான், முன்னால் இருப்பதெல்லாம் அவன் இஷ்டத்துக்கு எழுதினது. அரசாங்க நிறுவனம் என்று சொன்னால் அந்த இடத்தில் 'ஜிஓவி.எல்கே' என்று இருக்கிறதா என்று பாருங்கள், அந்த முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டும்தான் கொடுக்கப்படும்.

சின்னதாக்கப்பட்ட லிங்கிலும் கியூஆர் கோடிலும் இப்படி லேசாக வாசிக்க ஏலாது. காசு, கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் அவற்றின் வழியாகத் திறக்காதீர்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று வகுப்பில் சொல்லித் தந்தார்களே?

அது பழைய பாடம். உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் போகிற தகவலை வேறு யாரும் வாசிக்க முடியாது என்பது மட்டும்தான் அந்தப் பூட்டின் கருத்து. மறுபக்கத்தில் இருப்பவன் கள்ளனாக இருந்தால், தகவல் பத்திரமாகக் கள்ளனிடம் போய்ச் சேரும், அவ்வளவுதான். இப்போது கிட்டத்தட்ட எல்லாப் போலிப் பக்கங்களிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் 2023இல் குரோமில் இருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

எழுத்துப் பிழை இருந்தால் பொய், இல்லாவிட்டால் உண்மை, சரிதானே?

பாதி சரி. பிழை இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கில் இருந்து ஏறத்தாழ 100 கோடி டொலரைக் கள்ளர்கள் எடுக்கப் பார்த்தார்கள். அதில் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அந்த அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைப் பிழையாக எழுதியிருந்ததை இடையில் இருந்த ஜேர்மன் வங்கியில் கவனித்து விசாரித்ததால் அந்தக் காசு தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி போனது போனதுதான். இத்தனைக்கும் தொடக்கம் எது என்று நினைக்கிறீர்கள்? வேலை கேட்டு விண்ணப்பிக்கிற ஒருவர் அனுப்பினது மாதிரி, சுயவிபரக் கோவையோடு வங்கி ஊழியர்களுக்கு வந்த ஈமெயில்கள். அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணத்தில் இது விபரமாக இருக்கிறது.

இப்போது பிழையில்லாமல் எழுதித் தர ஏஐ இருக்கிறது, நல்ல தமிழிலும் எழுதும். முந்தி "மதிப்புக்குரிய வாடிக்கையாளரை" என்று கோணல்மாணலாக வந்ததை வைத்துக் கண்டுபிடித்தோம். இனி அதை நம்பியிருக்க ஏலாது.

"உங்கள் பார்சல் வந்திருக்கிறது, விலாசம் முழுமையாக இல்லை, சின்னக் கட்டணம் ஒன்று கட்டுங்கள்" என்று வந்தது. நான் உண்மையாகவே ஒன்லைனில் சாமான் போட்டிருக்கிறேன்.

இப்போது யார்தான் ஒன்லைனில் ஏதாவது போடாமல் இருக்கிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே செய்தியை அனுப்புகிறார்கள். கேட்கிற தொகை நூறு, இருநூறு ரூபாய் மாதிரி இருக்கும், போனால் போகட்டும் என்று கட்டிவிடுவோம். ஆனால் அவனுக்குத் தேவை அந்த நூறு ரூபாய் இல்லை, கார்ட் நம்பரும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் அடுத்து வரப்போகிற ஓடிபியும்தான். தபால் திணைக்களத்தின் பெயரில் ஈமெயிலாகவும் எஸ்எம்எஸ்ஸாகவும் இப்படி வருவது பற்றி அந்தத் திணைக்களமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. பார்சல் சந்தேகம் என்றால் உங்கள் தபால் கந்தோருக்குப் போய்க் கேளுங்கள், அல்லது சாமான் போட்ட ஆப்பிலேயே அந்த ஓடரைத் திறந்து பாருங்கள்.

ஓடிபி வரும்போது இலக்கத்தை மட்டும் பார்க்காமல் முழு எஸ்எம்எஸ்ஸையும் வாசியுங்கள். எவ்வளவு தொகைக்கு, எந்த நிறுவனத்துக்கு என்று பல வங்கிகள் அதிலேயே எழுதுகின்றன. நூறு ரூபாய் கட்டப் போன இடத்தில் பெரிய தொகை ஒன்று எழுதியிருப்பதைக் கண்டு கையை எடுத்தவர்கள் தப்பியிருக்கிறார்கள்.

அறுகம்பேயில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். புக்கிங் டொட் கொம்மில் இருந்து "விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், உடனே பதில் எழுதுங்கள்" என்று ஈமெயில் வருகிறது. திறக்காமல் விட்டால் எங்கள் மதிப்பீடு இறங்கிவிடாதா?

பாசிக்குடா, அறுகம்பே, பொத்துவில் பக்கம் தங்குமிடம் வைத்திருக்கிற எல்லாரும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். சீசனில் ஒரு கெட்ட விமர்சனம் வந்தால் எவ்வளவு பாதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அனுப்புகிறவனுக்கும் தெரியும். தங்குமிடங்களைக் குறிவைத்து புக்கிங் டொட் கொம் என்ற அறை முற்பதிவுத் தளத்தின் பெயரில் 2024 டிசம்பரில் இருந்து இப்படியான ஈமெயில்கள் உலகம் முழுக்கப் போவதாக மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் எழுதியிருந்தது. கெட்ட விமர்சனம், புதிய விருந்தினரின் கேள்வி, கணக்கு உறுதிப்படுத்தல் என்று விதம் விதமாக வரும்.

லிங்கைத் தட்டினால் "நான் ரோபோ இல்லை" என்று உறுதிப்படுத்தச் சொல்கிற வழக்கமான பெட்டி ஒன்று வரும். அதுவரைக்கும் சந்தேகமே வராது. அதற்குப் பிறகுதான் விஷயம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கொன்ட்ரோலும் வியும் அழுத்துங்கள், பிறகு என்டர் என்று சொல்லும். பெட்டியைத் தட்டும்போதே உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளை நகல் செய்யப்பட்டிருக்கும், நீங்கள் அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒட்டி, நீங்களே ஓட விடுகிறீர்கள். அது இறக்குகிற களவு மென்பொருள் பிரவுசரில் சேமித்து வைத்திருக்கிற பாஸ்வேர்டுகளையும், லொகின் ஆகியிருக்கிற கணக்குகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். உண்மையான எந்தப் பரிசோதனையும் உங்களை விண்டோஸ் பட்டனை அழுத்தச் சொல்லாது. ரிசெப்ஷனில் நிற்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியையாவது சொல்லி வையுங்கள்.

கணக்குப் போனால் நட்டம் உங்களோடு முடியாது. உங்கள் கணக்குக்குள் இருந்தே, முற்பதிவு செய்து வைத்திருக்கிற வெள்ளைக்காரருக்கு "கார்டை மறுபடி உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அறை ரத்து" என்று செய்தி போகும். அவர் உங்கள் பெயரை நம்பித்தான் காசை இழப்பார், பிறகு உங்கள் ஊரைப் பற்றித்தான் போய்ச் சொல்லுவார்.

முறைப்பாடு உண்மையா என்று பார்க்க, ஈமெயிலை மூடிவிட்டு நீங்கள் வழமையாகப் போகிற புக்கிங் டொட் கொம்மின் எக்ஸ்ட்ராநெட் பக்கத்தையோ பல்ஸ் ஆப்பையோ திறவுங்கள். விருந்தினர் எழுதியிருந்தால் அங்கே இருக்கும். இல்லையென்றால் யாரும் எழுதவில்லை.

சீனாவில், டுபாயில் இருந்து சாமான் இறக்குகிற வியாபாரம். வழக்கமாகச் சாமான் அனுப்புகிறவரே "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை புதிய கணக்குக்குப் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

காசைப் போடாதீர்கள். முதலில் போன் எடுங்கள், அந்த ஈமெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்லை, இத்தனை நாளும் பேசின நம்பருக்கு. வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்து ஆளின் முகத்தைப் பார்த்தே கேளுங்கள்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனைப் பக்கத்து முதலாளிமாருக்கு நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இதில் ஒரே அடியில் ஒரு கொன்டெய்னரின் காசு போய்விடும். இரண்டு பக்கத்தில் ஒருவரின் ஈமெயிலுக்குள் கள்ளன் முதலிலேயே புகுந்து, வாரக்கணக்கில் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் வாசிப்பான். எந்த இன்வொய்ஸ், எத்தனை டொலர், எப்போது கப்பல் ஏறும், நீங்கள் அவரை 'பிரதர்' என்று கூப்பிடுகிறீர்களா 'சேர்' என்று கூப்பிடுகிறீர்களா, எல்லாம் அவனுக்குத் தெரியும். காசு போடுகிற நேரம் வரும்போது, அதே கடிதத் தொடரின் நடுவில், அதே இன்வொய்ஸில் கணக்கு நம்பரை மட்டும் மாற்றி அனுப்புவான். இந்த வகை மோசடியால் 2023இல் மட்டும் 290 கோடி டொலருக்கு மேல் நட்டம் என்று தங்களுக்கு முறைப்பாடு வந்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்குச் சொன்னது.

கணக்கு நம்பர் மாறினால் ஈமெயிலை மட்டும் வைத்துக் காசு போகாது என்று கடையில் ஒரு சட்டம் போடுங்கள். கணக்குப் பார்க்கிற தம்பிக்கும் சொல்லுங்கள், "முதலாளி அவசரமாகப் போடச் சொன்னார்" என்று உங்கள் பெயரிலேயே அவருக்கு ஈமெயில் வரலாம். அப்படி வந்தால் உங்களுக்கு எடுத்துக் கேட்க அவர் பயப்படக் கூடாது, கேட்டதற்காக நீங்களும் ஏசக் கூடாது.

மகனுக்கு கட்டாரில் வேலை என்று ஒஃபர் லெட்டர் ஈமெயிலில் வந்திருக்கிறது. சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. விசாக் கட்டணம் மட்டும் முதலில் கட்டச் சொல்கிறார்கள்.

விண்ணப்பிக்காத வேலைக்கு ஒஃபர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விண்ணப்பித்திருந்தாலும், இன்டர்வியூ என்று ஒன்றும் இல்லாமல், ஜீமெயில் முகவரியில் இருந்து, தனி ஆளின் கணக்குக்குக் காசு போடச் சொன்னால் அது வேலை இல்லை. ஏஜென்சியின் பெயர் சொன்னால், அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள், நம்பர் 1989. காசு போனால் அது ஒரு நட்டம். பாஸ்போர்ட் கொப்பி, அடையாள அட்டையின் இரண்டு பக்கம், கையில் அட்டையைப் பிடித்து எடுத்த செல்ஃபி என்று அனுப்பிவிட்டால் அது வேறு நட்டம், அதை வைத்து உங்கள் மகனின் பெயரில் எங்கேயும் கணக்குத் திறக்கப் பார்க்கலாம்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், விமான டிக்கெட்டும் நாங்களே என்று வந்தால் இன்னும் கவனம். அப்படி நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டு, இதே மாதிரி மோசடிச் செய்திகளை அடித்து அடித்து அனுப்பக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மீட்டு எடுக்க அரசாங்கங்கள் தலையிட வேண்டி வந்தது. வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ஒஃபர் வந்தால், வெட்கம் பார்க்காமல் பிரதேச செயலகத்தில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

"உன் கெமராவால் உன்னை வீடியோ எடுத்துவிட்டேன், பிட்கொயின் அனுப்பாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று வந்தது. என்னுடைய உண்மையான பாஸ்வேர்டையும் எழுதியிருக்கிறான். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். அப்படி ஒரு வீடியோ அவனிடம் இல்லை. அந்தப் பாஸ்வேர்ட் நீங்கள் முந்தி எப்போதோ பாவித்ததாக இருக்கும். லிங்க்ட்இன் 2012, அடோபி 2013, கன்வா 2019 என்று பெரிய பெரிய நிறுவனங்களில் இருந்தே தகவல்கள் கசிந்திருக்கின்றன, அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் ஒரே கடிதத்தை மெஷின் அனுப்புகிறது. பதில் எழுத வேண்டாம், காசு அனுப்ப வேண்டாம். அந்தப் பாஸ்வேர்டை இன்னமும் எங்காவது பாவித்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசத் தளத்தில் உங்கள் ஈமெயிலைப் போட்டால் எந்தக் கசிவில் இருந்தது என்று தெரியும்.

உண்மையாகவே உங்கள் படம் ஒருவரிடம் இருந்து, அதை வைத்து மிரட்டுகிறார் என்றால் அது வேறு விஷயம். அப்போதும் காசு கொடுக்கக் கூடாது, கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்று உதவி நம்பர்கள் இருக்கின்றன. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: மகள் இப்படி ஒன்றை வந்து சொன்னால் முதல் வார்த்தை ஏச்சாக இருக்கக் கூடாது. வீட்டில் சொல்லப் பயந்துதான் பிள்ளைகள் காசை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

உம்மாவின் பெயரில் வங்கிக் கணக்கு, வாப்பா சவூதியில். உம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது. என்ன செய்யலாம்?

உங்கள் உம்மா ஒரு குடும்பத்தின் முழு வருமானத்தையும் நடத்துகிறவர், அவருக்கு விளங்கும், பொறுமையாகச் சொல்ல வேண்டும். டொமைன், லிங்க் என்று தொடங்காமல் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: போனில் வருகிற இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, வங்கி என்று சொன்னாலும், பொலிஸ் என்று சொன்னாலும், வாப்பாவின் கம்பனி என்று சொன்னாலும். பிறகு, சந்தேகமாக ஏதாவது வந்தால் எடுத்துக் கேட்க ஒரு ஆளைக் குறித்துக் கொடுங்கள், மகனோ மருமகளோ. வாப்பா காசு அனுப்பினால் அவரே வொய்ஸ் போட்டுச் சொல்லட்டும். சம்பளக் கணக்கில் தேவையானதை மட்டும் விட்டு, மிச்சத்தை ஒன்லைனில் எடுக்க முடியாத கணக்கு ஒன்றுக்கு மாற்றி வைப்பதும் நல்லது.

எங்கள் கடையின் ஃபேஸ்புக் பேஜ் கொப்பிரைட் மீறலுக்காக அழிக்கப்படும் என்று, ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பனியான 'மெட்டா'வில் இருந்து வந்தது.

பெரும்பாலும் பொய்தான். பேஜுக்கு உண்மையில் பிரச்சினை இருந்தால் ஃபேஸ்புக்குக்குள்ளேயே 'பேஜ் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் தெரியும். அங்கே பார்த்து ஒன்றும் இல்லையென்றால் அந்த ஈமெயிலை அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை எப்படி வைத்தால் நல்லது? டூ ஸ்டெப் போட்டால் போதுமா?

எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் ஈமெயிலைப் பாதுகாருங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மாற்ற முடியும். ஈமெயிலுக்கு வேறெங்கும் பாவிக்காத நீளமான பாஸ்வேர்ட், அதோடு டூ ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கிற முறை, கட்டாயம்.

டூ ஸ்டெப் நல்லதுதான், முழுக் காவல் இல்லை. போலிப் பக்கத்தில் நீங்கள் எழுதுகிற ஓடிபியை அந்தச் செக்கனிலேயே உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போகிற ஏற்பாடு கள்ளர்களிடம் இருக்கிறது. இதற்கு நல்ல பதில் பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனே உங்களை அடையாளம் காட்டுகிற முறை. அது உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, போலித் தளத்தில் நீங்கள் விரும்பினாலும் வேலை செய்யாது. கூகுள் கணக்கில் இலவசமாகவே போடலாம், போனைத் திறக்கிற கைரேகையே போதும். பிரவுசரில் பாஸ்வேர்ட் சேமித்து வைக்கிறவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு அறிகுறி உண்டு: வழமையாகத் தானாக நிரம்புகிற பாஸ்வேர்ட் ஒரு பக்கத்தில் மட்டும் நிரம்பாமல் நின்றால், முகவரியை ஒருக்கா நன்றாகப் பாருங்கள்.

ஐயோ, நான் ஏற்கனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன?

கார்ட் அல்லது வங்கி விபரம் கொடுத்திருந்தால் முதலில் வங்கி. அழுவதும் ஏசுவதும் பிறகு. எந்த நேரமானாலும் கார்டின் பின்பக்க நம்பருக்கு எடுத்து, கார்டையும் ஒன்லைன் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குக் காசு உடனுக்குடன் போகிறது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி. பேசின நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

ஈமெயில் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால், வேறு ஒரு நல்ல சாதனத்தில் இருந்து பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா இடத்திலும் லொக் அவுட் பண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. செட்டிங்ஸில் ஃபோர்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டு இடத்தையும் திறந்து பாருங்கள். வங்கியில் இருந்து வருகிற கடிதங்கள் உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போக, அல்லது அவனுக்கு ஒரு பிரதி போக, கள்ளன் அங்கே ஏதாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கணக்கை மீட்கிற போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். தெரிந்தவர்களுக்கு உங்கள் பெயரில் காசு கேட்டு ஏதும் போயிருக்கலாம், அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

லிங்கைத் திறந்தேன், ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் இறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. பக்கத்தை மூடி, போனை அப்டேட் பண்ணுங்கள்.

எங்கே முறைப்பாடு செய்வது? போன காசு கிடைக்குமா?

இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர உதவி நிறுவனத்தின் நம்பர் 101. அவர்கள் போலித் தளத்தை இறக்கவும் வழிகாட்டவும் உதவுவார்கள். குற்றமாக விசாரிப்பது பொலிஸ், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, சிஐடியில் கணினிக் குற்றப் பிரிவும் இருக்கிறது. கொழும்புக்குப் போக முடியாதென்றால் உங்கள் பொலிஸ் நிலையத்திலேயே முறைப்பாட்டைப் போட்டுப் பிரதி எடுங்கள், வங்கி அதைக் கேட்கும். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்கவே இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம்.

கோபத்தில் அந்த ஈமெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. காசு கிடைக்குமா என்றால், அது எவ்வளவு வேகமாகச் சொன்னீர்கள் என்பதில் இருக்கிறது. காசு போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் கிடந்தால் நிறுத்த வாய்ப்புண்டு, எடுத்துவிட்டால் கஷ்டம். "இழந்த காசை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம்" என்று பிறகு ஒரு ஈமெயில் வரும் பாருங்கள், அது அதே கூட்டம்தான்.

என்னுடைய ஜீமெயிலை கொமியூனிகேஷன் கடைத் தம்பிதான் திறந்து தந்தார். பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தம்பி நல்லவராகவே இருப்பார், ஆனால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் பிழையான லிங்கைத் தட்டினால் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும். விண்ணப்பம் போட, ரிசல்ட் பார்க்க என்று அவசரத்தில் திறந்த கணக்குகளில் மீட்பு நம்பராகக் கடையின் நம்பரே இருப்பதும் உண்டு. கடைக்குப் போய், அவரோடு இருந்தே உங்கள் சொந்தப் போனில் அந்தக் கணக்கைத் திறந்து, மீட்பு நம்பரை உங்கள் சிம் நம்பருக்கு மாற்றி, புதிய பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். அப்புறம் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் கடைக் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.